அலுவலகத்திலிருந்து வந்த மடிக்கணினி தகராறு செய்தால்

நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகள் பயன்படுத்திவிட்டு மொத்தமாகக் கழித்துவிடும் மடிக்கணினிகள் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைகளிலும் கேரோசல் இணையச் சந்தையிலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலீட்புக் வரிசைகளைச் சேர்ந்த இவை உறுதியானவை, பிரித்துப் பழுதுபார்க்கத் தோதானவை, விலையும் மலிவு. அதனால் உறவினர்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் நானே இவற்றைப் பரிந்துரைக்கிறேன். கோளாறு என்று வரும்போது பார்த்துக் கொடுக்கும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்கிறது. இப்படிப் பல கணினிகளைப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. இவற்றில் வரும் கோளாறுகளில் பல, பாகம் உடைந்ததால் வருபவை அல்ல. அலுவலகத்தில் யாரோ செய்துவைத்த ஓர் அமைப்பு, எடுக்காமல் விட்ட ஒரு பூட்டு, டாக்கோடு (மேசையில் மடிக்கணினியைச் செருகிவைக்கும் இணைப்புப் பெட்டி) அங்கேயே தங்கிவிட்ட சரியான சார்ஜர் ஆகியவைதாம் பெரும்பாலும் காரணம். ஆகவே பணம் செலவழிக்குமுன் இந்தக் கணினி முன்பு எப்படி வாழ்ந்தது என்று யோசிப்பது நல்லது.

கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் செலவில்லாத காரணத்தை முதலிலும் செலவு மிகுந்ததைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். எதைத் தொடுவதற்கு முன்பும் முக்கியமான கோப்புகளை வெளி வட்டிலோ மேகச் சேமிப்பிலோ நகலெடுத்துவிடுங்கள். அடிமூடியைத் திறப்பதாக இருந்தால் சார்ஜரைக் கழற்றி, கணினியை முழுமையாக அணைத்து, உள்ளே பேட்டரி இணைப்பை முதலில் பிரியுங்கள்.

அறிகுறி 1: சார்ஜ் ஏறவில்லை, அல்லது சரியாக ஏறவில்லை

என்னிடம் மிகுதியாக வருவது இதுதான். ஆனால் "சார்ஜ் ஏறவில்லை" என்ற ஒரே புகாருக்குள் நான்கு வேறு வேறு கோளாறுகள் இருப்பதால், உங்களுடையது எது என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

80 விழுக்காட்டிலோ அதற்குச் சற்று முன்னோ நின்றுவிடுகிறது என்றால்

இது பழுதே அன்று. அலுவலகங்களில் கணினி நாள் முழுவதும் மின்சாரத்திலேயே இருப்பதால், பேட்டரியின் ஆயுளைக் காக்க அதை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் அமைப்பைச் செய்துவைப்பார்கள். விண்டோஸை அழித்து மறுபடி நிறுவினாலும், இது கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸிலேயே பதிந்திருந்தால் அப்படியே தொடரும். டெல் கணினியில் எஃப்2, எச்பியில் எஃப்10, லெனோவோவில் எஃப்1 விசையைத் தொடக்கத்தில் அழுத்தி பயாஸுக்குள் நுழைந்து, பேட்டரி தொடர்பான பகுதியைப் பாருங்கள். லெனோவோவில் வான்டேஜ் செயலியிலும் இந்த எல்லையை மாற்றலாம். வீட்டில் எப்போதும் மேசையில் வைத்தே பயன்படுத்துபவர் என்றால் அந்த எல்லையை எடுக்காமல் விடுவதே பேட்டரிக்கு நல்லது.

ஏறுகிறது, ஆனால் மிக மெதுவாக. அல்லது "மெதுவான சார்ஜர்" என்ற அறிவிப்பு வருகிறது என்றால்

தோ பாயோவில் வசிக்கும் என் மாமா ஒருநாள் மாலை கணினியை எடுத்துக்கொண்டு வந்தார். பேட்டரி போய்விட்டது, புதிது வாங்க வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம். அவருடைய சார்ஜர் 65 வாட், யுஎஸ்பி-சி, இரண்டு வாய்கள் கொண்டது. என் மேசையில் செருகியபோது ஒழுங்காகவே ஏறியது. "வீட்டில மட்டும் ஏறலப்பா" என்றபடியே கைப்பேசியை எடுத்து இரண்டாவது வாயில் செருகினார். அந்த நொடியே திரையின் மூலையில் மெதுவான சார்ஜர் என்ற அறிவிப்பு எழுந்தது. 65 வாட் என்பது ஒரே வாயைப் பயன்படுத்தும்போது கிடைக்கும் அளவு. இரண்டிலும் செருகினால் சார்ஜர் அதைப் பங்கிட்டுவிடுகிறது, கணினியின் பங்கு 45 வாட்டுக்கு இறங்கிவிடுகிறது. கைப்பேசிக்குத் தனிச் சார்ஜர் வைத்ததோடு அவருடைய பிரச்சினை தீர்ந்தது.

ஆகவே பார்க்க வேண்டிய வரிசை இது. சார்ஜரில் வேறு எதுவும் செருகியிருக்கக் கூடாது. கணினியுடன் முதலில் வந்த சார்ஜர் எத்தனை வாட் என்று அறிந்து, உங்களுடையது அதற்குக் குறையாமல் இருக்க வேண்டும். வணிக வரிசைகளில் 45 அல்லது 65 வாட் வழக்கம், தனி கிராஃபிக்ஸ் உள்ளவற்றுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். கேபிளும் முக்கியம்: சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியருக்கு, அதாவது 60 வாட்டுக்கு மேல் தாங்காது, அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் கேபிள் வாங்க வேண்டும். அடுத்து, கணினியின் மற்றொரு யுஎஸ்பி-சி வாயில் செருகிப் பாருங்கள். சில மாடல்களில் எல்லா வாய்களும் சார்ஜ் ஏற்றுவதில்லை.

விளக்கே எரியவில்லை என்றால்

சுவரிலுள்ள சுவிட்ச், மூன்று முனைச் செருகி, நீட்டிப்புப் பலகை ஆகியவற்றை வேறு சாதனம் ஒன்றைச் செருகிச் சோதியுங்கள். பிறகு சரியாக வேலை செய்வதாக உங்களுக்குத் தெரிந்த வேறொரு சார்ஜரால் சோதியுங்கள். கடன் வாங்கியாவது இதைச் செய்யுங்கள், ஏனென்றால் இந்த ஒரு சோதனை இல்லாமல் அடுத்த முடிவு எதையும் எடுக்க முடியாது. சார்ஜ் வாயில் பஞ்சோ தூசியோ அடைந்திருந்தால், கணினியை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுங்கள். உலோக ஊசி கூடாது.

திங்க்பேட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2017 முதல் 2019 வரை வந்த பல மாடல்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் (அந்த வாயை இயக்கும் உள்நிரலில்) இருந்த குறையால் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுவது நின்றுபோவதுண்டு. லெனோவோ அதற்கான திருத்தத்தை வெளியிட்டிருக்கிறது. டி480 போன்ற மாடலை வாங்கினால், கோளாறு வரும்வரை காத்திராமல் முதல் நாளே அந்தத் திருத்தத்தைப் பதித்துவிடுங்கள். வாய் முழுவதும் செயலிழந்த பிறகு அது மதர்போர்டை மாற்றும் அளவுக்குப் போகக்கூடும்.

வாய் தளர்ந்து ஆடுகிறது, கேபிளை ஒரு கோணத்தில் பிடித்தால்தான் ஏறுகிறது, கருகிய வாடை வருகிறது என்ற மூன்றில் எது இருந்தாலும் மேலே சோதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

முழுதாக ஏறுகிறது, ஆனால் விரைவில் தீர்ந்துவிடுகிறது என்றால்

விண்டோஸின் கட்டளைச் சாளரத்தில் பேட்டரி அறிக்கைக் கட்டளையை (powercfg /batteryreport) இயக்கினால், கணினி ஓர் அறிக்கையைக் கோப்பாகச் சேமித்துத் தரும். அதில் இரண்டு எண்களை மட்டும் பாருங்கள்: பேட்டரி புதிதாக இருந்தபோது கொண்ட கொள்ளளவு, இப்போது முழுச் சார்ஜில் கொள்ளும் அளவு. முதலாவது 57 வாட்-மணியாகவும் இரண்டாவது 31 ஆகவும் இருந்தால், பேட்டரி ஏறத்தாழப் பாதியாகத் தேய்ந்திருக்கிறது. 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் மாற்றிவிடலாம் என்பது என் கணக்கு. ஆனால் டி480 போன்றவற்றில் உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு பேட்டரிகள் உண்டு. எது தேய்ந்தது என்று பார்த்து அதை மட்டும் மாற்றுங்கள். வெளியே இருப்பதை நீங்களே கழற்றி மாட்டலாம்.

அறிகுறி 2: டச்பேட் எழும்பியிருக்கிறது, கணினி மேசையில் ஆடுகிறது

பேட்டரி உப்பியிருக்கிறது. இதற்குச் சோதனை எதுவும் இல்லை. டச்பேட் அழுத்தினால் அமுங்கவில்லை, விசைப்பலகையின் நடுப்பகுதி மேடாக இருக்கிறது, மூடினால் ஓரத்தில் இடைவெளி தெரிகிறது என்பவற்றில் ஒன்றைக் கண்டாலும் சார்ஜரைப் பிடுங்கி, கணினியை அணைத்து, எரியும் பொருள்கள் அருகில் இல்லாத ஓடு பதித்த தரையில் வையுங்கள். மூடியை அழுத்தி மூட முயலாதீர்கள், பேட்டரியை நீங்களே நெம்பி எடுக்காதீர்கள். வீவக வீட்டில் குப்பைக் குழாயில் போடுவது பெரும் ஆபத்து. அமுங்கிக் கிழிந்தால் அங்கேயே தீப்பற்றும். பேட்டரி மாற்றும் கடைக்கு முதலில் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் கொண்டுபோய், பழைய பேட்டரியை அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள். புகையோ சீறும் ஒலியோ வந்தால் வெளியேறி 995க்கு அழையுங்கள்.

ஆண்டுக்கணக்கில் டாக்கிலேயே முழுச் சார்ஜில் இருந்த கணினிகளில் நான் இதை அதிகம் பார்க்கிறேன். பழைய மடிக்கணினியை வாங்கும்போது சமதளமான மேசையில் வைத்து, நான்கு மூலைகளையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பாருங்கள். பத்து நொடி வேலை.

அறிகுறி 3: பொத்தானை அழுத்தினால் திரையில் ஒன்றுமில்லை

விளக்கு எரிகிறதா, ஃபேன் சுழல்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லை என்றால் அறிகுறி 1க்குத் திரும்புங்கள்.

விளக்கு எரிந்தும் திரை கறுப்பாக இருந்தால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மின்பொத்தானை முப்பது நொடிவரை விடாமல் அழுத்திப் பிடித்து, பிறகு சார்ஜரை மட்டும் செருகித் தொடங்குங்கள். பல திங்க்பேட்களின் அடிப்பக்கத்தில் இதற்கென்றே ஒரு சிறு துளை உண்டு. சார்ஜரைக் கழற்றிவிட்டு, நிமிர்த்திய காகிதக் கவ்வியால் உள்ளே மெல்ல அழுத்தினால் போதும். அசைவே இல்லாமல் என்னிடம் வந்தவற்றில் சில இந்த ஓர் அழுத்தத்திலேயே எழுந்துகொண்டன.

அடுத்து, வெளித்திரையையோ தொலைக்காட்சியையோ எச்டிஎம்ஐ வழியாக இணையுங்கள். அதில் படம் வந்தால் கணினி நலமாக இருக்கிறது, கோளாறு திரையிலோ அதன் கேபிளிலோ உள்ளது. அதிலும் வராவிட்டால் விளக்குகள் மினுக்குவதை எண்ணுங்கள்: டெல் கணினிகளில் பேட்டரி விளக்கு மஞ்சளும் வெள்ளையுமாக மாறி மாறி மினுக்கும், எச்பியில் கேப்ஸ் லாக் விளக்கு மினுக்கும். எத்தனை முறை என்று குறித்துக்கொண்டு, அந்த மாடலின் கையேட்டில் பார்த்தால் ரேமா, செயலியா, மதர்போர்டா என்று தெரிந்துவிடும். ரேம் என்றால் கழற்றி, தொடுமுனைகளைத் துடைத்து, மறுபடி அழுந்தச் செருகுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். மதர்போர்டு என்று காட்டினாலோ கணினிமீது தண்ணீரோ தேநீரோ கொட்டியிருந்தாலோ நிபுணரிடம் போங்கள். நனைந்த கணினியை "ஒருமுறை போட்டுப் பார்ப்போம்" என்று இயக்குவதுதான், துடைத்து மீட்டிருக்கக்கூடிய ஒன்றை மீட்க முடியாததாக ஆக்கிவிடுகிறது.

அறிகுறி 4: கணினி மிக மெதுவாக இயங்குகிறது

சார்ஜரைச் செருகினால்தான் மெதுவாகிறது என்றால்

பலருக்கு வியப்பாக இருக்கும், ஆனால் இது உண்மை. சில கணினிகள், குறிப்பாக டெல், தமக்குரிய சார்ஜரை அடையாளம் காணாவிட்டால் செயலியின் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. டாஸ்க் மேனேஜரில் செயலியின் வேகத்தைப் பாருங்கள். எந்த வேலை கொடுத்தாலும் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸிலேயே அது நின்றுகொண்டிருந்தால் சார்ஜரை மாற்றுங்கள். உருண்டை முனை கொண்ட டெல் சார்ஜரில் நடுவே உள்ள மெல்லிய ஊசி வளைந்திருந்தாலும் இதே நிலைதான்.

சற்று நேரம் கழித்து, சூடேறிய பின் மெதுவாகிறது என்றால்

மெத்தையிலோ மடியிலோ வைத்துக் காற்றுவழியை அடைக்கிறீர்களா என்று பாருங்கள். பிறகு அடிமூடியைத் திறந்து ஃபேனிலும் அதன் வாயிலும் உள்ள தூசியை அகற்றுங்கள். காற்றடிக்கும்போது ஃபேன் சுழலாமல் ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து ஆண்டு ஓடிய கணினியில் செயலிமேல் பூசிய வெப்பக் களிம்பும் காய்ந்திருக்கும். தூசி எடுத்தும் சூடு குறையாவிட்டால் களிம்பைப் புதுப்பிக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கடையில் செய்துகொள்வதே நல்லது.

எப்போதும் மெதுவாக இருக்கிறது என்றால்

வட்டைப் பாருங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச நிரலில் எஸ்எஸ்டியின் நலம் தெரியும். அது எச்சரிக்கை காட்டினால் அன்றே நகலெடுத்துவிட்டு எஸ்எஸ்டியை மாற்றுங்கள். வட்டு நலமாக இருந்து ரேம் மட்டும் நிரம்பி வழிந்தால், ரேமைக் கூட்டலாம்; ஆனால் வாங்குமுன் உங்கள் மாடலில் அதற்கு இடம் உண்டா என்று பாருங்கள். எக்ஸ்1 கார்பன் போன்ற மெல்லிய மாடல்களில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு கூட்ட வழியில்லை.

அறிகுறி 5: உங்களுடையது அல்லாத கடவுச்சொல்லையோ நிறுவனப் பெயரையோ காட்டுகிறது

பணம் கொடுத்தும் சரிசெய்ய முடியாமல் போகக்கூடிய ஒரே கோளாறு இது என்பதால், இதை எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

விண்டோஸ் தொடங்குமுன்பே கடவுச்சொல் கேட்டால்

அது பயாஸ் கடவுச்சொல். உள்ளேயுள்ள சிறு பேட்டரியைக் கழற்றினால் அழிந்துவிடும் என்று இணையத்தில் படிப்பது பழைய மேசைக் கணினிகளுக்குப் பொருந்தும். வணிக மடிக்கணினிகளில் அது மின்சாரம் போனாலும் அழியாத சில்லில் பதிந்திருக்கிறது. திங்க்பேடின் மேற்பார்வைக் கடவுச்சொல் மறந்துபோனால் மதர்போர்டை மாற்றுவதுதான் வழி என்று லெனோவோவின் பராமரிப்புக் கையேடுகளே சொல்கின்றன. விற்றவரிடம் கேளுங்கள், அவரால் சொல்ல முடியாவிட்டால் திருப்பிக் கொடுங்கள்.

புதிதாக விண்டோஸ் நிறுவியும் ஒரு நிறுவனத்தின் பெயர் வந்தால்

என் மனைவியுடன் பணிபுரியும் அக்கா ஒருவர் மகனின் படிப்புக்காக 400 வெள்ளிக்கு ஒன்று வாங்கினார். ஒரு மாதம் நன்றாக ஓடியது. பள்ளி விடுமுறையில் மகன் விண்டோஸை முழுதாக அழித்து மறுபடி நிறுவினான். வைஃபையில் இணைத்ததும் ஒரு நிறுவனத்தின் சின்னமும் வரவேற்பும், அதன் கீழே அலுவலக மின்னஞ்சலைக் கேட்கும் பெட்டியும் வந்தன. "தம்பி, இது யார் கம்பெனி? நான் இங்க வேலை பார்த்ததே இல்லையே" என்று படம் எடுத்து அனுப்பினார்.

இதன் பெயர் ஆட்டோபைலட். கணினியின் வன்பொருள் அடையாளத்தை நிறுவனம் மைக்ரோசாஃப்டிடம் தன் பெயரில் பதிந்துவைத்திருக்கும். வட்டை மாற்றினாலும் விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் அது போகாது. அந்த நிறுவனத்தின் தகவல்தொழில்நுட்பப் பிரிவு பதிவை நீக்கினால்தான் போகும். இணையம் இல்லாமல் நிறுவித் தாண்டிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அடுத்த முறை அழித்து நிறுவும்போது அதே திரை திரும்ப வரும் என்பதால் அதைத் தீர்வாக நான் ஏற்பதில்லை. அக்காவுக்கு விற்ற கடை, படத்தைப் பார்த்தபின் வேறு கணினி கொடுத்தது.

எனவே வாங்கும் இடத்திலேயே விற்பவரை விண்டோஸை மீட்டமைக்கச் சொல்லி, உங்கள் கைப்பேசியின் இணையத்தில் இணைத்து, முதல் அமைவுத் திரை நிறுவனப் பெயர் இல்லாமல் வருகிறதா என்று பார்த்தபின் பேநவ்வில் பணம் அனுப்புங்கள். அரை மணி நேரம் ஆகும். விற்பவர் பொறுமை இழந்தால் வேறு இடம் பாருங்கள். மேக்புக் வாங்கினாலும் இதே சோதனைதான், அதில் தொலைநிலை நிர்வாகம் என்ற திரை வரக்கூடாது. பயாஸுக்குள் சென்று, அப்சல்யூட் என்ற கண்காணிப்பு வசதி இயங்கும் நிலையில் இல்லை என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டால்

அது வட்டிலுள்ள கோப்புகளைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர். பயாஸைப் புதுப்பித்தாலோ மதர்போர்டை மாற்றினாலோ இப்படிக் கேட்கும். நீங்களே அமைத்த கணினி என்றால் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; வேறொரு கைப்பேசியிலிருந்து நுழைந்து எடுக்கலாம். சாவி இல்லை என்றால் கோப்புகளை மீட்க எந்தக் கடையாலும் முடியாது. வட்டை அழித்து, புதிதாக நிறுவிக்கொள்ளலாம்.

அறிகுறி 6: விண்டோஸ் 11க்கு மாற மறுக்கிறது

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டதால் இதைக் கேட்டு வருபவர்கள் கூடியிருக்கிறார்கள். முதலில் பயாஸில் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் ஆகிய பாதுகாப்பு வசதிகள் அணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அணைந்திருந்தால் இயக்கிவிடுங்கள், முடிந்தது. இயங்கியும் மறுத்தால் செயலியின் பெயரைப் படியுங்கள். இன்டெலில் பொதுவாக எட்டாம் தலைமுறை முதல்தான் ஏற்கப்படும்: ஐ5-8350யு போகும், ஐ5-7300யு போகாது. மாடல் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், டி480 என்ற ஒரே பெயரில் இரண்டு தலைமுறையும் வந்திருக்கின்றன. ஏழாம் தலைமுறை என்றால் இதற்குச் செலவு செய்யாதீர்கள்.

அறிகுறி 7: திரை மங்கலாக, வெளுத்துத் தெரிகிறது, அல்லது மினுக்குகிறது

எச்பி எலீட்புக்கில் திரை பக்கவாட்டில் வெளுத்துப்போய்த் தெரிந்தால், அது ஷ்யூர் வியூ என்ற மறைப்புத் திரையாக இருக்கலாம். மேல்வரிசையில் அதற்குரிய விசையை அழுத்தினால் அணையும். மூடியைச் சாய்க்கும்போது மட்டும் மினுக்கினால் கீலுக்குள் ஓடும் கேபிள் தேய்ந்திருக்கிறது, கடையில் மாற்றலாம். எந்த நிலையிலும் கோடுகள் தெரிந்து, வெளித்திரையில் படம் சுத்தமாக இருந்தால் திரையையே மாற்ற வேண்டும்; அப்போது கேட்கும் கட்டணம் கணினியின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால், வீட்டில் வெளித்திரையோடு வைத்துக்கொள்வதே சிக்கனம்.

அறிகுறி 8: தேதி பின்னோக்கிப் போகிறது, சிங்பாஸ் பக்கம் திறக்கவில்லை

ஒவ்வொரு முறை அணைத்தபின்னும் தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டால், கடிகாரத்துக்கான சிறு பேட்டரி தீர்ந்திருக்கிறது. தேதி தவறாக இருக்கும்போது இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகத் தோன்றுவதால் வங்கித் தளங்களும் சிங்பாஸும் திறக்க மறுக்கும். பேட்டரி மலிவானது, ஆனால் பல மடிக்கணினிகளில் கம்பியுடன் கூடியதாக இருப்பதால் மாடலுக்குரியதைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி 9: கோளாறு விட்டு விட்டு வருகிறது, கடையில் காட்டும்போது வருவதில்லை

வரும்போதெல்லாம் கைப்பேசியில் காணொளி எடுங்கள். தேதி, நேரம், அப்போது எந்தச் சார்ஜர், எந்த டாக், குளிரூட்டிய அறையா வெளியா என்று எழுதிவையுங்கள். கணினிக்குள்ளேயே இருக்கும் சோதனையையும் ஓட்டுங்கள்: டெல்லில் தொடக்கத்தில் எஃப்12 அழுத்தி வரும் பட்டியலில் உண்டு, எச்பியில் எஃப்2. பிழை எண் வந்தால் அதையும் படம் எடுங்கள். உற்பத்தியாளரின் தளத்தில் வரிசை எண்ணைக் கொடுத்து உத்தரவாதம் மீதமிருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். நிறுவனங்கள் பல ஆண்டு உத்தரவாதத்தோடு வாங்குவதால், பழைய கணினியிலும் சில நேரம் அது எஞ்சியிருக்கும்.

உத்தரவாதம் இல்லை, கடையும் கைவிரிக்கிறது என்றால், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள இச்சட்டம் பழைய பொருள்களுக்கும் பொருந்தும். பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை தொடக்கத்திலேயே இருந்ததாகக் கருதப்படும். இல்லை என்று காட்ட வேண்டியவர் கடைக்காரர்தான். முதலில் பழுதுபார்த்தோ மாற்றியோ தரும்படியும், அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கும்படியோ பணத்தைத் திருப்பும்படியோ கேட்கலாம். பழைய கணினியின் பேட்டரி வயதுக்கேற்பத் தேய்ந்திருப்பதையும், சொல்லி விற்ற குறையையும் இதில் சேர்க்க முடியாது. தனிநபர் ஒருவர் தம் சொந்தக் கணினியை விற்றாலும் இச்சட்டம் பொருந்தாது. அதனால்தான் கேரோசலில் வாங்கும்போது விற்பவர் கடையா தனிநபரா என்பதை நான் முதலில் கேட்கச் சொல்கிறேன். ரசீது, உரையாடல், காணொளி, பிழை எண் ஆகியவற்றை ஒன்றாக வைத்துக்கொண்டு முதலில் கடைக்கும், அடுத்துப் பயனீட்டாளர் சங்கத்துக்கும் போங்கள். அங்கும் தீராவிட்டால், 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். அங்கே வழக்கறிஞர் வைத்து வாதாட இடமில்லை என்பதால், நீங்கள் தேதியிட்டு எழுதிவைத்த அந்தக் குறிப்புகளைக் கொண்டே உங்கள் பக்கத்தை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.